நடித்தானா, முயன்றானா?

ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பாடத்திட்டம், புள்ளி போடும் முறை எல்லாவற்றையும் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஒரே ஒரு பிற்பகலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஓய்வு பெற்ற பிறகும், மழை விடாமல் பெய்தால் எனக்கு அந்தப் பிற்பகல்தான் ஞாபகம் வருகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்த சுபாவம். ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தால், என்ன பிழை வரப்போகிறதோ என்று யோசிப்பேன். "பிள்ளைங்க பயப்படணும்னு டீச்சர் வேலைக்குப் போவாங்க, நீ பயப்படுறதுக்குன்னே போறே" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

என் பணியின் கடைசி வருடங்களில் அர்ஜென்டினாவிலிருந்து சில பல்கலைக்கழக மாணவர்கள் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார்கள். விவசாயம் படிக்கிறவர்கள், தாய்மொழி ஸ்பானிஷ். அவர்கள் ஊரிலும் தேயிலை விளைகிறது. ஆனால் அங்கே கொழுந்து பறிப்பது மெஷின். நம் இலங்கை மலைப் பக்கத்தில் கையால் பறிப்பதையும், ஸ்டோர் என்று நாம் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையையும் கிட்ட இருந்து பார்த்துப் படிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது என் வேலை. தனியாக இலக்கண வகுப்பு கிடையாது. தேயிலையை ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடும் என்பது ஏற்பாடு. காலையில் இலை வாட்டுவது, உருட்டுவது பற்றி வாசிப்போம். பிற்பகலில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு ஸ்டோரில் போய் அதையே பார்ப்பார்கள். மறுநாள் பார்த்ததைப் பேசுவார்கள், எழுதுவார்கள்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது. "என் பெயர் இன்னது, என் பொழுதுபோக்கு இன்னது" என்று ஒப்பித்த வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தேன். தனக்குத் தெரிந்த, தனக்குப் பிடித்த விசயத்தைப் பேசும்போது மாணவன் மொழியை மறந்துவிடுகிறான். சரியும் பிழையுமாகக் கொட்டித் தள்ளுகிறான். அவனுடைய தாய்மொழி எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைகிறது என்று அப்போதுதான் நமக்குத் தெரியும்.

அந்த மாணவர்களில் ஒருவன் மத்தேயோ. நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத பையன். ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் அவனை வெள்ளைக்காரத் தம்பி என்பார்கள். அவனும் இலை வாட்டும் மாடியிலேயே கிடப்பான். அவனை எங்கே காணோம் என்றால், இலையைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருப்பான்.

ஒருநாள், உருட்டும் மெஷினுக்கு இலையை ஏற்றிச் செல்லும் பெல்ட்டில் பரமேஸ்வரி என்ற பெண்ணின் கை மாட்டிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் நின்றது மத்தேயோ. பெல்ட் நிற்கவில்லை. அந்தப் பக்கமிருந்த ஓர் ஆள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது. அதற்குள் பரமேஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மெஷின் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பரமேஸ்வரி மத்தேயோவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மெயின் சுவிட்சுக்கு ஓடிய ஆள் பட்டன் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் ஸ்டோர்க்காரர்கள் பட்டனைச் சோதித்தபோது அது ஒழுங்காக வேலை செய்தது. அப்படியென்றால் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? டீ மேக்கர், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பானவர், அதைத்தான் அவனிடம் கேட்டார். அவன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். அதில் 'ப்ரிடெண்ட்' என்ற சொல் இருந்தது. மெஷினை நிறுத்துவது போல் நடித்தேன் என்று அதற்குப் பொருள்.

தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது. நான் போகும் வழியில் கடை முதலாளி ஒருவர் என்னை நிறுத்தி, "ஒங்க பொடியன் வெளையாட்டுக்கு ஒரு பொம்பளயோட கைய எடுத்துட்டானாமே டீச்சர்?" என்றார். பரமேஸ்வரியின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள். மத்தேயோ என் மாணவன். அவன் உண்மையிலேயே விளையாடியிருந்தால் அவனைக் காப்பாற்ற எனக்கு ஆசை இல்லை. விளையாடவில்லை என்றால் அவனை விட்டுக்கொடுக்கவும் மனம் இல்லை. இரண்டில் எது என்றுதான் தெரியவில்லை.

தோட்டத்து மேனேஜரான துரை ஒரு மழைப் பிற்பகலில் விசாரணைக்கு அழைத்தபோது, மாணவனுடன் உட்கார நிறுவனம் என்னை அனுப்பியது. துரை சிங்களவர், கண்டிப்பானவர். வீண் பேச்சு இல்லாதவர். அன்று மாலைக்குள் அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். அறையில் அவர், டீ மேக்கர், மத்தேயோ, நான். வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நடந்த பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அன்றைக்கு நீ டீ மேக்கரிடம் சொன்னதைத் திரும்பச் சொல்" என்றார் துரை.

மத்தேயோ ஒரு எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னான். மெஷினை நிறுத்த 'ப்ரிடெண்ட்' பண்ணினேன். சொல்லும்போது துரையின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் முகம் அப்படி இருக்காது என்று எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன பயன்? துரை அதை எழுதிக்கொண்டார். அந்த வாக்கியத்தின் கீழ் அவன் கையெழுத்துப் போட்டால் அவ்வளவுதான். ஒரு பெண்ணின் விரல்கள் போனதற்கு அவனுடைய விளையாட்டு காரணம் என்று ஆகிவிடும். அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவார்கள், அவன் பல்கலைக்கழகமும் அவனைச் சேர்க்காது.

அப்போதுதான் லூசியா ஞாபகத்துக்கு வந்தாள். அவள் மத்தேயோவின் வகுப்புத் தோழி. வந்த புதிதில் ஒருநாள் வகுப்பில் எழுந்து, இலங்கையில் ஆங்கிலம் கற்க 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறேன் என்றாள். கற்பது போல் நடிக்கிறாளாம்! பரவாயில்லை, உண்மையை ஒளிக்காமல் சொல்கிறாளே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் ஏனென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். ஒருவேளை அவர்கள் மொழியில் அதே மாதிரி ஒலிக்கும் வேறு ஏதாவது சொல் இருக்குமோ?

பையனைக் கொஞ்சம் வராந்தாவில் நிற்கச் சொல்ல முடியுமா என்று துரையைக் கேட்டேன். அவன் வெளியே போனதும் என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?" என்றார் துரை.

"தெரியாது, சார்."

"பிறகு எப்படிச் சொல்கிறீர்கள்?"

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மழைக்கு ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அவனைக் கூப்பிட்டு, நீ முயன்றேன் என்றுதானே சொல்ல வந்தாய் என்று கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் தண்ணீரில் முங்குகிறவனிடம் கயிறு வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பானா? துரையும் அதைத்தான் சொன்னார். "வார்த்தையை நீங்கள் அவன் வாயில் வைத்தால் நான் எழுத மாட்டேன்."

"வைக்க மாட்டேன், சார். விபத்தைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன். வகுப்பில் கேட்கிற மாதிரி ஓரிரண்டு கேள்வி, உங்கள் முன்னாலேயே" என்றேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மத்தேயோவை உள்ளே கூப்பிட்டார்கள். "படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். லூசியா மாதிரி இவனும் 'ப்ரிடெண்ட்' என்று சொல்லிவிட்டால் போதும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, என் மாணவன் பிழைவிட வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

"ஊருக்குப் போய் அப்பாவின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய விரும்புகிறேன், டீச்சர்" என்றான். பிழையே இல்லை. 'ஐ வுட் லைக் டு' என்று அழகாகத் தொடங்கி அழகாக முடித்தான். முதல் வாரத்தில் நான் மண்டையில் ஏற்றிய வாக்கியம் அது. என் தொழிலே எனக்கு எதிரியாக வந்து நின்றது.

துரை என்னைப் பார்த்தார். "நல்ல ஆங்கிலம்தானே பேசுகிறான். இவனுக்கா வார்த்தை தெரியாது?"

நானே அவன் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டேனோ என்று பயந்தேன். அந்தப் படபடப்பிலும் ஒன்று மட்டும் தட்டுப்பட்டது. நான் கேட்டது மனப்பாடக் கேள்வி, அதனால் மனப்பாடப் பதில் வந்திருக்கிறது. அவன் மொழியை மறக்க வேண்டும் என்றால் அவனுக்குப் பிடித்த விசயத்துக்குள் அவனைத் தள்ள வேண்டும். இந்தப் பையனுக்கு அது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மத்தேயோ, இப்படி மழை பெய்கிற நாளில் இலை வாட்டுவதைப் பற்றி இவர்களுக்குச் சொல்லு" என்றேன்.

முதலில் தயங்கினான். பிறகு ஆரம்பித்தான். ஈர இலை எவ்வளவு கனமாக வருகிறது, அடியிலிருந்து காற்று எப்படி ஏறவேண்டும், மேலே இருக்கிற இலை வாடினாலும் நடுவில் இருப்பது எப்படி ஏமாற்றுகிறது. கை இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. இல்லாத இலையை அள்ளிக் காட்டினான். இலக்கணம் போன இடம் தெரியவில்லை. நான் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"டீ மேக்கர் இலையிலிருந்து தண்ணீரை வெளியே எடுக்க 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறார். ஆனால் இந்த மழையில் முடியாது. பாவம், மிகவும் கஷ்டம்" என்றான்.

அதுவரை நாற்காலி நுனியில் வாயைத் திறக்காமல் இருந்த டீ மேக்கர் எழுந்தே விட்டார்.

"என்னா டீச்சர் சொல்றான் இவன்? நா நடிக்கிறனாமா? ராவெல்லாம் கண்ணு முழிச்சு எலயக் கிண்டிக் கிண்டி வாட்டிக்கிட்டுக் கெடக்கேன், நடிக்கிறேங்கிறான்!" என்றவர், அப்படியே நிறுத்தினார். மத்தேயோவைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். மத்தேயோ பக்கம் குனிந்து, "நானும் 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறேனா?" என்று கேட்டார்.

"கட்டாயம், சார்" என்றான் மத்தேயோ, மிகுந்த மரியாதையோடு. "இந்தத் திம்புள்ள மலைப் பக்கத்திலேயே சிறந்த தேயிலையைச் செய்ய நீங்கள் 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறீர்கள். எல்லோருக்கும் தெரியும்."

டீ மேக்கருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துரையின் முன்னால் சிரிக்க முடியாமல் இருமிச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரை அந்தச் சொல்லை அடித்தார். "அப்படியானால் எது சரி?" என்று என்னைக் கேட்டார். 'ட்ரை' என்றேன், முயன்றான். அவர் உடனே எழுதவில்லை. "டீச்சர், இதை எழுதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். தெரியும். அவன் முயன்றிருந்தால் அந்த நேரத்தில் பட்டன் வேலை செய்யவில்லை என்று ஆகும். பழி பையனிடமிருந்து ஸ்டோருக்கு வந்துவிடும். முயன்றான், ஆனால் பதற்றத்தில் தவறிவிட்டான் என்று போடலாமே என்று அவர் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

நான் வாதாடத் தெரியாதவள். ஆனாலும், "அவன் பதற்றம் என்று சொல்லவில்லை, சார். சொன்னது ஒரு சொல். அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்துங்கள்" என்று சொல்லிவிட்டேன். டீ மேக்கர் தரையைப் பார்த்தார். துரை அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினார். அவருக்கு நான் இன்றைக்கும் மரியாதை வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் இதுதான். மாணவனின் பிழையைக் கண்டதும் சிவப்புப் பேனாவைத் தூக்காதீர்கள். முதலில் அவன் என்ன சொல்ல வந்தான் என்று பாருங்கள். அதைப் பார்க்க இலக்கணக் கேள்வி உதவாது. அவனுக்கு உயிரான விசயத்தைப் பேசவிடுங்கள், தானாக வெளியே வரும். இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, அந்த அறையில் பயந்துகொண்டே கற்றேன். அவர்கள் மொழியில் 'ப்ரெதெந்தேர்' என்றால் ஒன்றைச் செய்ய நினைப்பது, முயல்வது என்று அன்று மாலை லூசியா சொன்னாள்.

ஆனால் அந்த அறையில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பையன் நடந்தது எதுவும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளக்கச் சொன்னார் துரை. மேசையில் என் காலியான தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எடுத்து வாயில் வைத்து, ஆறுதலாகக் குடிப்பது போல் காட்டினேன். பிறகு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். "இதுதான் 'ப்ரிடெண்ட்', மத்தேயோ."

அவன் கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"டீச்சர், இதே வார்த்தையை நான் பவித்ராவிடமும் சொன்னேன்" என்றான்.

பவித்ரா பரமேஸ்வரியின் மகள், பள்ளியில் ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கிறவள். விபத்துக்கு மறுநாள் இவன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். உன் அம்மாவைக் காப்பாற்ற 'ப்ரிடெண்ட்' பண்ணினேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அவள் ஆப்பிள் பையைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று இவன் நினைத்துக்கொண்டானாம்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் அவன் மறுபடியும் ஆப்பிள் வாங்கிக்கொண்டான். பரமேஸ்வரி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பவித்ரா எங்களைக் கண்டதும் எழுந்து வார்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இவர எதுக்கு டீச்சர் கூட்டிக்கிட்டு வந்தீங்க? அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிட்டாரே. காப்பாத்துற மாதிரி நடிச்சேன்னு. அந்தளவுக்கு எனக்கு இங்கிலீசு வெளங்கும். அம்மாக்கிட்ட நா இன்னும் சொல்லல. கேட்டா செத்துரும்."

நான் தமிழில் எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. சொன்னவன்தான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பட்டது. மத்தேயோவைப் பார்த்தேன்.

அவன் ஆங்கிலத்தில் சொன்னான். வார்த்தையை ஒவ்வொன்றாக வைத்தான். "நான் சொன்ன வார்த்தை தவறு. என் மொழியில் அதற்கு வேறு அர்த்தம். நான் முயன்றேன். பட்டனை அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்தினேன். நான் முயன்றேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். கட்டிலிலிருந்து பரமேஸ்வரி எட்டிப் பார்த்து, "ஏன் புள்ள, அந்தத் தம்பி எதுக்கு அழுவுது?" என்று கேட்டாள்.

பவித்ரா அவன் கையிலிருந்த ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பட்டன அடிச்சாரா டீச்சர்?"

"அடிச்சிருக்காரும்மா."

"அப்ப ஏன் பெல்ட்டு நிக்கல?"

மத்தேயோ என் பக்கம் திரும்பி, என்ன கேட்கிறாள் என்றான். மொழிபெயர்த்துச் சொன்னேன். அது அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை, ஸ்டோர் சொல்ல வேண்டியது. மறுபடியும் அந்த அறைக்குப் போக வேண்டுமே என்று பயமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு என்கூட தொரை ஆபீசுக்கு வா" என்றேன். "இப்ப என்கிட்ட கேட்டியே, அத அவருகிட்ட நீயே கேளு. இங்கிலீசுல கேளு."

"தப்பா வந்துருமே டீச்சர்."

"வரட்டும்" என்றேன்.

மறுநாள் அதே நாற்காலியில் பவித்ரா உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குத்தான் பயம், அவளுக்கு இல்லை. துரையை நேராகப் பார்த்து, "ஒய் த பெல்ட் நொட் ஸ்டொப், சார்?" என்று கேட்டாள். பிழையான வாக்கியம். நான் திருத்தவில்லை.